அம்மா போட்ட ஊறல்

எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணம் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு மட்டும் அழுகிற, மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாத பெண்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். எல்லாமே மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பருத்தி, கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த வருஷம் ஆடியில் தூறல் போட்டு ஆசை காட்டிய மழை, பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. சோளம் இடுப்பளவுகூட வளராமல் கதிர் தள்ளியது. ஏரிக்குள் பையன்கள் கோலி விளையாடினார்கள்.

எங்களிடம் நிலம் கிடையாது. அப்பா பெரிய வீட்டு ஐயாவின் காட்டில் வேலை செய்தார். அம்மா அதே வீட்டின் ஆறு தாய் ஆடுகளை வாரத்துக்கு வளர்த்தாள். மேய்ப்பது, தண்ணீர் காட்டுவது, ஈனும்போது கூடவே கிடப்பது எல்லாம் எங்கள் பாடு. பிறக்கிற குட்டிகளில் பாதி ஐயாவுக்கு, பாதி எங்களுக்கு. அந்தப் பாதிக் குட்டிகளில்தான் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓலை வந்தது, எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை வந்தது. அந்த வருஷம் ஆறு ஆடுகளுக்கும் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருந்தது. இரண்டு சினையாக இருந்தன. அம்மா கருவேல மரத்தில் நெற்று உலுக்கினாள், வேப்பந்தழை ஒடித்தாள், அதுவும் தீர்ந்தபோது ஆடுகளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட மைதானத்தில் கால்நடை டாக்டர் கூட்டம் போட்டார். நிலம் உள்ளவர்கள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றார்கள். அம்மாவும் நானும் சுவருக்கு மேலே முகம் மட்டும் தெரிய நின்று கேட்டோம். காய்ந்த சோளத் தட்டையிலும் வைக்கோலிலும் சத்து இருந்தும் ஆடு மாட்டுக்குச் செரிக்காமல் போகிறது, யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் காற்றுப் போகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் தட்டை மெத்தென்று ஆகி உடம்பில் ஒட்டும் என்று டாக்டர் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பயிருக்குப் போடும் உரத்தை மாட்டுக்குப் போடச் சொல்கிறானே, மாடு பூக்குமா காய்க்குமா என்று ஒருவர் கேட்டார். டாக்டரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் சுவருக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது.

"சார், சோளத்தட்ட அடிக்கட்டைக்கு இது ஆவுங்களா? ஆட்டுக்குக் குடுக்கலாங்களா?"

பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் சுவருக்குக் கீழே குனிந்துகொண்டேன். டாக்டர் மட்டும் சந்தோஷமாகிவிட்டார். எழுந்து சுவர் பக்கம் நடந்து வந்து, பொடியாக நறுக்க வேண்டும், குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது, யூரியா கரைத்த தண்ணீரை ஆடு வாய் வைத்தால் அங்கேயே விழுந்து செத்துவிடும், திறந்த உடனே தின்னக் கொடுக்காமல் காற்றாட விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நூறு கிலோ தட்டைக்கு நாலு கிலோ யூரியா. அம்மா உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அன்று கேட்டது ஒன்றுகூடத் தவறவில்லை.

பெரிய வீட்டில் மாடுகள் தோகையைத் தின்றுவிட்டு ஒதுக்கிய தடித்த அடித்தட்டைகள் எருக்குழி ஓரம் குவிந்து கிடந்தன. அவற்றைக் கேட்டதற்கு, குப்பை போனால் சரி என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று நாள் பருத்திக் காட்டில் களை வெட்டியதற்குக் கூலி வேண்டாம், யூரியாவாகக் கொடுங்கள் என்று அம்மா கேட்டபோது பெரிய வீட்டு அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லையாம். பருத்தி வியாபாரியிடம் கெஞ்சி, அவருடைய தராசில் ஒரு கட்டுத் தட்டையை நிறுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டரின் கிலோ அம்மாவின் கணக்கில் கட்டானது; யூரியா ஆழாக்கு ஆனது; தண்ணீர் குடமானது.

வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் அப்பா இடுப்பளவு குழி வெட்டினார். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பைகளைக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி உள்ளே விரித்தோம். இரண்டு நாள் அம்மாவும் நானும் தட்டையை விரல்கணு நீளத்துக்கு நறுக்கினோம். ஒரு அடுக்குத் தட்டை, அதன்மேல் யூரியாத் தண்ணீர் தெளிப்பு, பிறகு மிதி. மிதிப்பது என் வேலை. காலெல்லாம் வழுவழுத்துக் காந்தியது. மேலே பிளாஸ்டிக் போட்டு மூடி, மண் கொட்டி, சாணி கரைத்து மெழுகினோம். மிச்சத் தண்ணீரை அம்மா ஆடு போகாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டி ஊற்றி மூடினாள். ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"இது என்னம்மா?" என்றேன், மெழுகிய மேட்டைக் காட்டி.

"ஊறலு புள்ள. இருவத்தோரு நாளு நல்லா ஊறட்டும். யாரும் கை வைக்கக் கூடாது."

பெரிய வீட்டு ஐயாவின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நடப்போம். அவளிடம் தினமும் ஏதாவது புதுசு இருக்கும். ஒரு நாள் அரியலூரில் வாங்கிய ரிப்பன், ஒரு நாள் அவள் மாமா கொடுத்த வாசனை ரப்பர். என்னிடம் காட்ட எப்போதும் எதுவும் இருந்ததில்லை. அந்த வாரம்தான் என்னிடமும் ஒன்று இருந்தது.

"எங்க வூட்ல ஊறல் போட்டிருக்கோம், தெரியுமா? குழி வெட்டி மண்ணப் போட்டு மெழுவிட்டோம். மூணு வாரம் யாரும் தொறக்கக் கூடாது. உள்ள யூரியால்லாம் போட்டிருக்கு."

அவள் கண்ணை விரித்தாள். அந்த விரிந்த கண்ணுக்காக இன்னும் இரண்டு விஷயம் கூட்டிச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து அவள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கும், அங்கிருந்து எங்கெங்கோவும் போய், கடைசியில் போலீஸ் காதுக்கு எந்த வழியாகப் போனது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கூழ் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் நேராக வீட்டுக்குப் பின்னால் போனார்கள். வழி கேட்கவில்லை. வேலியோரம் இருந்த மேட்டை ஏட்டு பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவர், எழுந்து நின்ற அப்பாவிடம் ஒன்றும் கேட்காமல் கன்னத்தில் அறைந்தார்.

அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. கூழ்ச் சட்டி உருண்டது நினைவிருக்கிறது. எங்கள் தெருவிலேயே உயரமான ஆள் என் அப்பா. ஒரு மூட்டை கடலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பேசியபடியே நடப்பார். அந்த அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே மண்ணில் முட்டி போட்டார். யாரும் போடச் சொல்வதற்கு முன்பே போட்டார். எனக்கு அடியைவிட அதுதான் திக்கென்றது. அப்பாவுக்கு இப்படி உட்காரத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"எத்தினி பானைடா போட்ட? எவ்வளவு நாளா நடக்குது?"

அம்மாதான் ஓடி வந்தாள்.

"ஐயா, அது ஆட்டுக்குத் தீனிங்க. தட்டைங்க. கவுர்மெண்டு டாக்டரு சொல்லிக் குடுத்ததுங்க."

"ஆட்டுக்கு ஊறல் போடறியா? ஆடு குடிக்குமா?"

ஊறல் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்த விதத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டில் வெல்லமும் பட்டையும் போட்டுப் பானையைப் புதைத்துச் சாராயம் காய்ச்சுகிறவர்கள், அந்தப் பானைக்கும் இதே பெயரைத்தான் சொல்வார்கள். அதில் யூரியாவும் போடுவார்களாம். அப்படிக் குடித்த யாருக்கோ கண் போய்விட்டது என்று அந்த மாதம் முழுக்க ஊரில் பேச்சு. நான்தான் சொன்னேன், அது தட்டைதான் என்று கத்த நினைத்தேன். ஓயாத வாய் ஓய்ந்தது அன்றைக்குத்தான்.

ஒரு போலீஸ்காரர் அப்பாவின் துண்டாலேயே அவருடைய கையைக் கட்டினார். இன்னொருவர் கடப்பாரையை எடுத்து மேட்டில் இறக்கினார். அதற்குள் தெரு முழுக்கக் கூடிவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால், வரப்பின்மேல் ஏறி, பெரிய வீட்டு ஐயாவும் வந்து நின்றார். தன் ஆடுகள் இருக்கிற இடமாயிற்றே என்று வந்ததாகச் சொன்னார்.

கடப்பாரை பிளாஸ்டிக்கைக் கிழித்தது. உள்ளே அடைபட்டிருந்த நெடி ஒரேயடியாக மேலே எழுந்தது. குத்தியவர் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் விழுந்தார். குனிந்து பார்த்த ஏட்டுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. விஷம், விஷம் என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏட்டு இருமிக்கொண்டே லத்தியை ஓங்கி அப்பா பக்கம் திரும்பினார்.

அம்மா நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் எடுத்துக் காட்டுறேன். பானை இருந்துதுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க."

அவள் குழியில் இறங்கினாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மேலே வீசினாள். தட்டைதான் வந்தது. மஞ்சளும் பழுப்புமாக, ஈரமாக, தட்டை மட்டும்தான் வந்தது. அடிவரை கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள். பானை இல்லை. ஆனால் ஏட்டுக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு நெடி அடிக்கிறதை எந்த மிருகம் தின்னும், வேறு எதற்கோ வைத்திருக்கிறாய் என்றார்.

அம்மா பட்டிக்குப் போய்ச் சினையாக இருந்த கருப்பு ஆட்டை இழுத்து வந்து தட்டைக்கு முன்னால் விட்டாள். ஆடு ஒரு முறை முகர்ந்தது. தும்மியது. தலையை உதறிக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றது.

ஏட்டு அம்மாவைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன். தின்னு, தின்னு என்று உள்ளுக்குள்ளே கெஞ்சினேன். அது வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"காத்தாட விடணுங்க," என்றாள் அம்மா. "டாக்டரு சொன்னாரு. நெடி போவணும். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க ஐயா."

"எங்களுக்கு வேற வேல இல்லியா?"

"பதினோரு நாளு நான் பொறுத்திருக்கேங்க. நீங்க ஒரு மணி நேரம் பொறுங்க."

அப்படி ஒரு குரலில் அம்மா யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. ஏட்டும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. அவர் வேப்ப மர நிழலுக்குப் போய்க் கண்ணைக் கழுவத் தண்ணீர் கேட்டார். எங்கள் குடத்துத் தண்ணீரில்தான் கழுவினார்.

அம்மா தட்டையை வெயிலில் பரப்பினாள். கையால் கிளறிக் கிளறிவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. நெடி தெரு முழுக்கப் பரவியது. ஏட்டு கண்ணைத் துடைத்தார், போலீஸ்காரர்கள் துடைத்தார்கள், வேடிக்கை பார்த்தவர்கள் துடைத்தார்கள். கை கட்டப்பட்டிருந்த அப்பா மட்டும் துடைக்க முடியாமல் வெயிலில் முட்டி போட்டபடி இருந்தார். நிழலுக்குத் தள்ளி உட்காரட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. தட்டை மேலாக உலர்ந்தது. அம்மா குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு ஆட்டை இழுக்காமல், கயிற்றை மட்டும் கீழே போட்டாள். ஆடு தானாக வந்தது. மூக்கை வைத்து ஒதுக்கியது. ஒரு துண்டை எடுத்தது, கீழே போட்டது. மறுபடி எடுத்தது. மென்றது. அப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லை. பட்டிக்குள் இருந்த மற்ற ஐந்தும் மெல்லுகிற சத்தம் கேட்டுக் கத்த ஆரம்பித்தன. அம்மா படலைத் திறந்துவிட்டாள். ஆறு ஆடுகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, மாடு ஒதுக்கிப் போட்ட அடிக்கட்டையைத் தின்றன.

ஏட்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத மொதல்லியே சொல்றதுக்கென்ன?" என்றார்.

போலீஸ் போய்விட்டது. அப்பாவின் கைக்கட்டை அவிழ்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு நினைவில்லை. அம்மாதான் அவிழ்த்தாள். அவர் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் எங்கள் யாரோடும் பேசவில்லை. அடித்த பக்கத்துக் காதில் குளவி சுற்றுவது போல் இருக்கிறது என்று பிறகு அம்மாவிடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அந்தக் குளவி அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

குழியில் மேல்பாதி வீணாகப் பூசணம் பிடித்தது. அடிப்பாதியை அம்மா மறுபடி மிதித்து மூடினாள். அப்போது நான் அவள் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் வேலையை நிறுத்தினாள்.

"என்னா வார்த்த சொன்ன?"

ஊறல் என்று சொன்னேன்.

"நாந்தான சொல்லிக் குடுத்தேன்," என்றாள். மறுபடி மண்ணைத் தள்ளிக்கொண்டே, "அப்பாக்கிட்ட சொல்லாத," என்றாள். நான் சொல்லவில்லை.

மறு வாரம் பெரிய வீட்டிலிருந்து அம்மாவுக்கு ஆள் வந்தது. ஐயாவே முற்றத்தில் நின்று, எத்தனை நாள், எவ்வளவு யூரியா, ஆட்டுக்குக் கெடுதல் வராதா என்று விசாரித்தார். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களுடைய களத்து மூலையில் எங்களுடையதைப் போல நாலு மடங்கு குழி வெட்டினார்கள். அம்மா கூடவே இருந்து அளந்து கொடுத்தாள், தெளித்துக் காட்டினாள். என் பெருமைக்கு அளவே இல்லை. என் அம்மா சொல்ல, பெரிய வீட்டு ஆட்கள் கேட்டுச் செய்தார்கள். முன்பு சிரித்த பெரிய வீட்டு அம்மாகூடத் தலையாட்டிக் கேட்டார். நான் திண்டில் உட்கார்ந்து என் வகுப்புக்காரியோடு பல்லாங்குழி ஆடினேன். அந்த முற்றத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

இருபத்தொரு நாள் கழித்து அந்தக் குழியைத் திறந்தார்கள். நன்றாக வந்திருந்தது என்று அம்மா சொன்னாள். அதற்கு இரண்டு நாள் கழித்து ஐயா சொல்லி அனுப்பினார்: தீவனம் வீட்டிலேயே ஆயிற்று, ஆடுகளை ஓட்டி வந்து விட்டுவிடச் சொல்லுங்கள், இனி வாரத்துக்கு விடுவதாக இல்லை.

ஆறு ஆடுகளும் வேறு யார் பின்னாலும் போகாது. அதனால் அம்மாவே ஓட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். அங்கே புதுக் கொட்டகை போட்டிருந்தார்கள். வகுப்புக்காரி வாசலில் நின்று, என் ஆடு, என் ஆடு என்று குதித்தாள். அம்மா வேலைக்கார ஆளிடம், தட்டையை எடுத்த உடனே போடாதே, ஒரு மணி நேரம் காற்றாட விடு, சினை ஆட்டைத் தனியாகக் கட்டித் தின்ன விடு என்று இரண்டு முறை சொன்னாள். நாங்கள் திரும்பியபோது ஆடுகள் படலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்தின. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. ஆடுகளுக்கு நல்ல கொட்டகை, வயிறு நிறையத் தீனி. அம்மாவின் கையில் கயிறு இல்லை, தொரட்டி இல்லை, தலையில் தழைக்கட்டு இல்லை. அப்படி வெறுங்கையோடு அம்மா நடந்து நான் பார்த்ததே கிடையாது.

"இனிமே நீ வெயில்ல அலைய வேணாம்ல? வூட்லயே இருக்கலாம்லம்மா?"

"ஆமா புள்ள. இருக்கலாம்," என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் வழியோரக் கல்லில் உட்கார்ந்தாள். காலில் முள் குத்திவிட்டது என்றாள். பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நானும் பக்கத்தில் மண்டியிட்டு, எச்சிலைத் தொட்டு அவள் பாதத்துப் புழுதியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன். குதிகாலில் பார்த்தேன், விரலிடுக்கில் பார்த்தேன். எங்கேயும் முள் இல்லை.

"எங்கம்மா குத்துது? எந்த எடத்துல? காட்டும்மா," என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.